நோய் தொடங்கிய தேதி

பாரத்தில் ஏழாவது கட்டம் அதைத்தான் கேட்கிறது.
ஜெனிதா பேனாவோடு காத்திருக்கிறாள்.
"வலி வந்த நாளைப் போட்டுடவா, பா?"
வலி வந்தது மார்ச்சில், தோ பாயோ காப்பிக்கடையில்,
மீ கோரிங் பாதித் தட்டில்.
அது தேதி இல்லை.
செய்தி வந்து சேர்ந்த நேரம்.

டாக்டர் கோ காகிதத்தில் வரைந்து காட்டினார்.
சிறுகுடல் ஒரு கோடு.
அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு குடல்,
கட்டைவிரல் நீளம், இரு முனையும் மூடியது.
தசை உண்டு, உள்தோல் உண்டு,
ரத்தத்தில்கூடப் பங்கு உண்டு.
வாசல்தான் இல்லை.
"பிறக்கும்போதே இருந்தது.
பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.
உங்களுடையது செய்துவிட்டது."
எவ்வளவு அபூர்வம் என்றேன்.
முப்பது ஆண்டில் இதுதான் முதல் தடவை என்றார்,
காட்டில் புது ஆர்க்கிட் கண்டவர் குரலில்.
உடனே வெட்கப்பட்டவர்போலக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை.
நான் தண்டவாளம் பார்க்கிறவன்.
கடைசி ரயில் போனபின் ஒன்றரை மணிக்கு இறங்குவோம்,
நானும் ரோஸ்லியும்,
கால்டிகாட்டிலிருந்து பொட்டானிக் கார்டன்ஸ் பக்கமாக.
நடுவில் வரும் அது,
கட்டிவிட்டுத் திறக்காமல் வைத்த நிலையம்.
பகலெல்லாம் ரயில்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன.
கைபேசியிலிருந்து ஒரு தலைகூட நிமிர்வதில்லை.
ரோஸ்லி மட்டும் அங்கே நின்று டார்ச் அடிப்பான்.
இருட்டுக்கு ஒரு சலாம் வைப்பான்.
"யாராச்சும் இருந்தா?" என்பான், நான் சிரித்தால்.

இருந்தது, ரோஸ்லி.
ஐம்பத்திரண்டு வருஷம், வாடகை இல்லாமல்.
நான் தின்ற பரோட்டா, குடித்த கோப்பி-ஓ
ஒரு துளி அந்தப் பக்கம் போனதில்லை.
பசியே தெரியாத குடல்
தனக்காகவே சுரந்து
தன்னையே நிரப்பிக்கொண்டு கிடந்தது.
பிறகு ஒருநாள், எந்த நாள்,
அதற்குள் ஓர் உயிரணு
நிறுத்த வேண்டிய இடத்தை மறந்துவிட்டது.

காப்புறுதிப் பெண் போனில் மரியாதையாகத்தான் பேசினாள்:
"பிறவிக் கோளாறுன்னா எங்க பாலிசியில வராது, அங்கிள்.
புற்றுநோய்ன்னா வரும்."
இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறதே, அம்மா.
ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று.
"அப்போ ஏழாவது கட்டம்தான் முக்கியம், அங்கிள்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
எழுபத்திரண்டு, ஏப்ரல். ஏதோ ஒரு செவ்வாய்.
குவீன்ஸ்டவுன் ஒன்பதாம் மாடி.
முழுகாமல் இருப்பது அம்மாவுக்கே இன்னும் தெரியாது.
மூங்கிலில் துணி கோத்துச்
சன்னலுக்கு வெளியே நீட்டுகிறாள்.
அரிசி மணி அளவுகூட இல்லாத எனக்குள்
ஒரு குழாய் உருவாகும்போது
பக்கத்தில் இன்னொன்றும் உருவாகிறது.
யாரும் தப்புச் செய்யவில்லை.
அன்றைக்கு அப்பாவின் சட்டை ஒன்று
காற்றில் நழுவிக் கீழே விழுந்திருக்கலாம்.
அவள் படியிறங்கிப் போய் எடுத்து வந்திருப்பாள்.
அவ்வளவுதான் அன்றைய விபத்து.

மணிக்கட்டில் பட்டை:
அருள்நாதன், தந்தை பெயர் சின்னப்பன்.
வெட்டி எடுத்ததற்கும் அதே பெயர்தான் ஒட்டினார்களாம்.
இரண்டு தெரு தள்ளி, மெழுகில் பதித்து,
கண்ணாடிச் சில்லுகளில்,
முதல்முறையாக வெளிச்சம் பார்க்கிறது அது.

ஓரங்கள் சுத்தம் என்கிறார்கள்.
இருந்தாலும் திங்கட்கிழமை மருந்து ஏற்றுகிறார்கள்.

ஜெனிதா கடைசியில் மார்ச் என்றே எழுதினாள்.
எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை.

இரவு இரண்டே காலுக்கு ரோஸ்லியிடமிருந்து குரல்செய்தி.
பின்னால் சுரங்கத்தின் நீர் சொட்டும் ஓசை.
"நம்ம இடத்துலதான் நிக்கிறேன், அருள்.
சலாம் சொன்னேன்.
பதில் இல்லை.
நல்லதுதானே?"

மறுபடி போட்டுக் கேட்கிறேன்.
சொட்டுகிற அந்த ஓசையை மட்டும்.